ஒரு அத்தை நேரம்

லிஃப்ட் ஒழுங்காக நின்றால் லிஃப்ட்காரரை யாரும் நினைப்பதில்லை. தளத்துக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால் போதும், இடறி விழுந்தவர் முதல் வேடிக்கை பார்த்தவர் வரை எல்லார் வாயிலும் அவர் அரைபடுவார். அதனாலேயே அவருக்கு ஒரு வழக்கம் படிந்துவிட்டது. பழுது பார்த்து முடித்ததும் ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்பு தொட நீர் ஊற்றி லிஃப்ட்டின் நடுவில் வைப்பார். கீழிருந்து மொட்டைமாடி வரை ஒவ்வொரு தளமாக நிறுத்திப் பார்ப்பார். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. கட்டடத்துக் காவலாளிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், அந்தத் தண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்புங்களேன்" என்பார்கள். அவர் குடிக்கமாட்டார். இன்னும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு பெரிய மரக் கேமரா வந்து சேர்ந்தது. அவர் பார்த்துக்கொள்ளும் கட்டடம் ஒன்றில், நான்காம் மாடி ஸ்டூடியோவைக் காலி செய்தவர்கள், கேமராவையும் மூன்று தட்டுகளையும் பிரிக்காத ஃபிலிம் பெட்டிகளையும் லிஃப்ட்டில் ஏற்றி, "இதையும் கீழ குப்பைல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் கீழே போய்ச் சேர்ந்தது. சாமான்கள் குப்பைக்குப் போய்ச் சேரவில்லை.

ஃபிலிம் என்றால் சுருள் இல்லை. அஞ்சலட்டை அளவுத் தாள். இருட்டில் ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருகவேண்டும்; ஒரு தாளுக்கு ஒரு படம். அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. 'எட்டுப் பேர் ஏறலாம்' என்று லிஃப்ட்டுக்குள் எழுதியிருப்பதை நம்பாமல் மணல் மூட்டை ஏற்றிப் பார்க்கிற ஆசாமி, இதை மட்டும் நம்பிவிடுவாரா? சோதனை தொடங்கியது.

பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் பாதி விரித்த கறுப்புக் குடை ஒன்று, அதன் பக்கத்தில் வெள்ளைத் துண்டு, இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிற அட்டை. கேமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். தாளை மூடியிருக்கும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரே தாளில் பட்டை பட்டையாக வெவ்வேறு அளவு வெளிச்சம் கொடுப்பார். அவருடைய ஆசை சின்னது. குடையின் மடிப்பும் தெரியவேண்டும், துண்டின் இழையும் தெரியவேண்டும், அதுவும் ஒரே படத்தில். வெளிச்சம் குறைந்தால் குடை கரிக்கட்டை ஆகிவிடும். தாள் மருந்துத் தட்டில் நேரம் கூடிக் கிடந்தால் துண்டு சுண்ணாம்புச் சுவர் ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் உலகம் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

குடும்பம் அப்படி நம்பவில்லை. அவர் மனைவியின் தம்பி, செருப்புக் கடையில் விற்பனையாளர், வருகிறவர்களின் நடையையும் பேச்சையும் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுகிற ஆள், ஒருநாள் காயும் நெகட்டிவ்களை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"அத்தான், குடைக்கு ஆல்பம் போட்டாச்சு. துண்டுக்கும் போட்டாச்சு. எங்கக்கா எப்ப வருவா இதுல?"

"முதல்ல சோதனை முடியட்டும் மச்சான்."

"அதுக்குள்ள அக்காவுக்கு முடி நரைச்சிடும்."

"நரைச்சா நல்லது. வெள்ளை வேணும் நமக்கு," என்றார் லிஃப்ட்காரர், உண்மையாகவே யோசித்துவிட்டு. உள்ளேயிருந்து ஒரு கரண்டி வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

இருட்டறைக்கு என்று தனி அறை இல்லை. அந்த வீட்டில் முழு இருட்டாக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, குளியலறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உள்ளே போவார். காற்றுத் துவாரத்தில் அட்டையை ஒட்டுவார், கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணிப்பார். கவிழ்த்த வாளியின் மேல் படத்தை எழுப்பும் மருந்துத் தட்டு, பலகையின் மேல் அந்த மருந்தை நிறுத்த வினிகர் கலந்த நீர், தரையில் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. பிறகு தாழ்ப்பாளைப் போடுவார். அந்த 'டக்' சத்தம் கேட்டதும் வெளியே இன்னொன்று தொடங்கும்.

அது மாமியார்.

மாமியார் அந்த வீட்டிலேயே இருப்பவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் விட்டு ஊர் பேசுகிறவர்களுக்கு இணைப்புக் கொடுத்து, நேரம் முடிந்ததும் நடுவில் புகுந்து சொல்கிற வேலை. குளியலறை தமக்கு வேண்டியிருக்கிறதோ இல்லையோ, அது பூட்டியிருக்கிறது என்பதே அவருக்குப் பொறுக்காது. ஆனால் மாப்பிள்ளையை நேருக்கு நேர் ஒரு சொல் சொல்லமாட்டார். அது மரியாதை இல்லை. எனவே கதவைத் திட்டுவார்.

"ஏ கதவே, வெளிய ஒரு மனுஷி நிக்கிறது உனக்காவது தெரியுதா? ஒரு வீடு, ஒரு பாத்ரூம். அதுக்குள்ளயும் இருட்டாம். உனக்கு வாய் இருந்தா நீ சொல்லு, குளிக்கிற எடத்துல குடைக்கு என்ன வேலை?"

முதல் பகுதி இப்படிப் போகும். இரண்டாவது பகுதி முழங்கால். மூன்றாவதில் வினிகர் நாற்றமும், இரண்டு குளியலறை வைத்து வீடு கட்டியிருக்கிற மூத்த மாப்பிள்ளையும் வருவார்கள். ஒவ்வொரு பகுதியும் முடிகிறபோது கதவில் ஒரே ஒரு தட்டு, "நான் பேசறது கேக்குதா?" என்று ஒரு கேள்வி. பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரி, வைக்கிறேன்" என்பார். கையில் வைப்பதற்கு எதுவும் இருக்காது. செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் போய்விடும்.

ஆரம்பத்தில் லிஃப்ட்காரருக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. காரணம் மனவருத்தம் இல்லை. மருந்தில் தாளைப் போட்டுத் தட்டை ஆட்டிக்கொண்டே அவர் மனதுக்குள் எண்ணவேண்டும். இருட்டில் முள் மின்னும் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். அந்த மினுக்கலே ஃபிலிமைக் கெடுத்துவிடுமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. செல்போன் கூடவே கூடாது, எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்களோ, வெளிச்சத்தோடு கத்தும். ஆகவே எண்ணுவார். எண்ணிக்கை ஏறி வருகிற நேரத்தில் மாமியார் முழங்காலுக்கு வந்துவிடுவார், எண்ணிக்கை சிதறிவிடும். பாதிப் படங்கள் கரி, பாதிப் படங்கள் சுண்ணாம்பு.

ஒரு ஞாயிறு எண்ணிக்கை அடியோடு தொலைந்துபோயிற்று. சரி, இந்தத் தாள் போனதுதான் என்று கைவிட்டு, சும்மா தட்டை ஆட்டிக்கொண்டு மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி, வைக்கிறேன்" என்ற குரல் வந்ததும், அவரும் தாளைத் தூக்கி வினிகரில் வைத்தார். ஹைப்போவிலும் கிடந்து முடிந்த பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தால், குடையின் மடிப்பு எல்லாம் எண்ணிவிடலாம் போல் இருந்தது. துண்டின் இழையும் இருந்தது. ஈரக் கையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறும் அப்படியே செய்தார். அதே தரம். அதற்கடுத்த ஞாயிறும். தாழ்ப்பாள் போட்டதும் தாள் உள்ளே, 'வைக்கிறேன்' என்றதும் தாள் வெளியே. நெகட்டிவ்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. லிஃப்ட்டில் தம்ளர் சிந்தாமல் நின்றபோதுகூட அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"மச்சான், இந்த ஃபிலிமுக்கு மருந்து நேரம் கண்டுபிடிச்சாச்சு," என்றார் செருப்புக் கடைக்காரனிடம், குரலைத் தாழ்த்தி.

"எவ்வளவு?"

"ஒரு அத்தை."

மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பால்கனிக் கதவு திறந்தது. ஆனால் லிஃப்ட்காரர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மேலும் ஆராய்ந்திருந்தார். மூட்டமான நாளில் எடுத்த படம் சப்பென்று இருந்தால் மருந்தில் கொஞ்சம் கூடக் கிடக்கவேண்டும். அந்த நாட்களில் அவர் உள்ளேயிருந்து ஒரு முறை இருமுவார். உடனே மாமியார், "இருமல் வேற. அந்த நாத்தம் நெஞ்சைக் கட்டாம என்ன செய்யும் கதவே" என்று புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துவிடுவார். படம் பளிச்சென்று வந்துவிடும்.

அது நிமிஷக் கணக்கில் எவ்வளவு என்று மட்டும் அவர் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பார்? மாமியார் திட்டும்போது அவர் இருட்டில் இருப்பார், கை மருந்தில் இருக்கும். அவர் வெளியே இருக்கும்போது மாமியார் திட்டமாட்டார், "மாப்பிள்ளை, காபி ஆறிடப் போகுது" என்பார்.

இந்த ஏற்பாடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, எக்ஸ்சேஞ்சிலிருந்து அழைப்பு வரும்வரை. ஓய்வு பெற்ற ஆபரேட்டர்கள் எல்லாரும் ஒன்றுகூடப் போகிறார்களாம். அவர்கள் சங்கத்தின் கூடத்தில் ஒவ்வொருவர் படத்தையும் வரிசையாக மாட்டப்போகிறார்களாம், எல்லாம் கறுப்பு வெள்ளையில். மாமியாரிடம் கொடுப்பதற்கு ஒரு படம் இல்லை. படங்களே இல்லை என்பதில்லை. ஒரு டப்பா நிறைய இருந்தன. அத்தனையிலும் அவர் வாய் திறந்திருந்தது. கல்யாணப் படத்தில் யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் செல்போனில் எடுத்தவற்றில் கையையும் சேர்த்து நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"என் பேச்சுதான் விழுது, மூஞ்சி விழவே மாட்டேங்குது," என்றார் மாமியார் சாப்பாட்டு மேஜையில். யாரையும் பார்க்காமல், உப்பு டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

மனைவி நிமிர்ந்தாள். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு பேச்சை எங்கே எடுத்து எங்கே அடுக்கவேண்டும் என்று தெரிந்தவள்.

"என்னங்க, நீங்க எடுங்க. இவ்வளவு நாளா குடையைத்தானே எடுத்தீங்க, அம்மாவை ஒண்ணு எடுங்க. நல்லா வந்துதுன்னா ஞாயித்துக்கிழமை காலைல பாத்ரூம் உங்களுது, ஒருத்தரும் கதவுகிட்ட வரமாட்டோம். வரலைன்னா அத்தனை சாமானும் பரண் மேல. அப்புறம் இறக்கச் சொல்லக்கூடாது."

லிஃப்ட்காரர் ஃபிலிம் பெட்டியை மனதுக்குள் திறந்து பார்த்தார். பெட்டியில் மீதம் இருந்தது இரண்டே தாள். மற்றதெல்லாம் குடைக்கும் துண்டுக்கும் போயிருந்தது. "இன்னும் கொஞ்சம் சோதனை..." என்று ஆரம்பித்தார்.

"பரண்," என்றாள் மனைவி.

சனிக்கிழமை மதியம் பால்கனியில் குடை தொங்கிய இடத்தில் மாமியார் உட்கார்ந்தார். வெள்ளை முடி, கறுப்பு ரவிக்கை, சாம்பல் நிறச் சுவர். லிஃப்ட்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து பார்த்தபோது அவருக்கு மெய்சிலிர்த்தது. குடையும் துண்டும் அட்டையும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

"அத்தை, ஒரே ஒரு விநாடி. அசையக்கூடாது. பேசக்கூடாது."

"ஒரு விநாடிதானே மாப்பிள்ளை. என்னால முடியாதா."

"உன்னால முடியாதும்மா," என்றான் மச்சான் பின்னாலிருந்து.

மாமியார் உதட்டைப் பூட்டிக்கொண்டார். மூச்சையும் பிடித்துக்கொண்டார். முதல் தாள் சிலைபோல முடிந்தது. சட்டத்தைத் திருப்பிச் செருகி, மறுபக்கத்தில் இருந்த இரண்டாவது தாளுக்குப் பொத்தானை அழுத்தினார். அந்த விநாடி முடிவதற்குள், "முடிஞ்சிதா?" என்றார் மாமியார்.

அந்தத் தாள் போயிற்று என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். பரவாயில்லை, முதல் தாள் இருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த வெளிச்சம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்த்துக் கொடுத்தது. இனி ஒரு அத்தை நேரம் மருந்தில் போட்டால் முடிந்தது.

ஞாயிறு காலை. அட்டை, போர்வை, வாளி, தட்டு. எப்போதும் மோசமான தாளை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல தாளைத் தொடுகிறவர், அன்று ஆசை கண்ணை மறைக்க நல்ல தாளையே முதலில் எடுத்தார். தாழ்ப்பாளைப் போட்டார். டக். தாளை மருந்தில் அமிழ்த்தித் தட்டை ஆட்டத் தொடங்கினார்.

வெளியே சத்தமில்லை.

கொஞ்சம் நேரம் ஆட்டினார். செருப்புச் சத்தம் கதவருகே வந்தது. வந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. பிறகு மாமியாரின் குரல், அவர் கேட்டே இராத ஒரு மென்மையில், "மாப்பிள்ளை, நான் இங்கதான் நிக்கிறேன். அவசரமில்ல, நீங்க பொறுமையா பண்ணுங்க" என்றது.

உள்ளே இருப்பது தம் முகம் என்பதால் மாமியார் கதவை மன்னித்துவிட்டார். லிஃப்ட்காரர் ஒரு முறை இருமினார். "பாத்து, மாப்பிள்ளை, உடம்பு முக்கியம்" என்றது குரல். பலமாக இருமினார். "வெந்நீர் வைக்கச் சொல்லட்டுமா?" என்றது. தாழ்ப்பாளை எடுத்து மறுபடி போட்டுப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது, ஆனால் இடுக்கில் வெளிச்சம் வந்துவிடும். எண்ணத் தொடங்கினார், எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இன்னும் திட்டவில்லையே, ஆகவே இன்னும் நேரம் ஆகவில்லை என்று அவர் கை சொல்லிற்று. கை ஆட்டிக்கொண்டே இருந்தது.

விளக்கைப் போட்டபோது நெகட்டிவ் அடுப்படிச் சுவர்போலக் கறுத்திருந்தது. அதை வைத்துப் படம் போட்டால் முடி எது, நெற்றி எது, சுவர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தமும் வெள்ளையடித்த மாதிரி வந்து, நடுவில் இரண்டு கண் மட்டும் இருக்கும்.

கதவைத் திறந்தார். மாமியார் ஒரு தம்ளர் வெந்நீரோடு நின்றிருந்தார்.

"வந்துதா மாப்பிள்ளை?"

"வந்துட்டு இருக்கு, அத்தை," என்றார்.

மாமியார் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினார். கதவு சாத்தியதும் லிஃப்ட்காரர் மனைவியையும் மச்சானையும் கூடத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். மச்சானுக்குப் பாதி தெரியும். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. கேட்டு முடித்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா திட்டுறதை நீங்க கடிகாரமா வச்சிருந்தீங்களா?"

"கடிகாரம்கூட இவ்வளவு கரெக்டா இருக்காதும்மா."

"போன்ல அலாரம் வச்சு வெளிய வச்சுக்க வேண்டியதுதானே இப்ப?"

"எவ்வளவுக்கு வைக்கிறது? அதுதானே தெரியல. உனக்குத் தெரியுமா, அத்தை எவ்வளவு நேரம் திட்டுவாங்க?"

மனைவி யோசித்தாள். "ஏழெட்டு நிமிஷம் இருக்கும்."

"அரை மணி நேரம்," என்றான் மச்சான்.

"நீ எதுக்கும் அரை மணிம்பே."

"என்னைத் திட்டும்போது அரை மணிதான், அக்கா. நான் உள்ள இருந்து பாத்தவன்."

மருந்தில் ஒரு நிமிஷம் கூடினாலே துண்டின் இழை போய்விடும். ஏழுக்கும் முப்பதுக்கும் நடுவில் லிஃப்ட்காரர் எதைப் பிடித்துக்கொள்வார்? கடைசியில் மச்சான்தான் எழுந்தான். "அத்தான், உங்க ஸ்டாப்வாட்சை எடுங்க. அம்மா மாதிரியே நான் திட்டிக் காட்டறேன். அளந்துக்கங்க."

லிஃப்ட் கதவு திறந்து மூடும் நேரத்தை அளக்கிற ஸ்டாப்வாட்சோடு லிஃப்ட்காரர் குளியலறை முன் நின்றார். மச்சான் அக்காவின் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டான். இடுப்பில் ஒரு கை வைத்தான். மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வெளித் தாழ்ப்பாளைப் போட்டு 'டக்' சத்தம் எழுப்பிக் கொடுத்தாள்.

"ஏ கதவே," என்று ஆரம்பித்தான் மச்சான். அச்சு அசல் அதே குரல். கதவே ஒரு கணம் நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது. ஒரு வீடு, ஒரு பாத்ரூம், குடைக்கு என்ன வேலை. "நான் பேசறது கேக்குதா?" ஒரு தட்டு. பிறகு நாற்றம், பிறகு மூத்த மாப்பிள்ளை. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கை தானாகவே தட்டை ஆட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "சரி, வைக்கிறேன்" என்று மச்சான் பெருமூச்சு விட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

"ஆறு நிமிஷம்," என்றார்.

"முழங்காலை விட்டுட்டான்," என்றது ஒரு குரல்.

மூவரும் திரும்பினார்கள். வாசலில் மாமியார், கையில் காய்கறிப் பையோடு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மச்சான் துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்து மடித்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

"எதுக்கு அளக்கறீங்க?" என்றார் மாமியார். அவர் அப்படிக் கறாராக, நேராக மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

லிஃப்ட்காரர் சொல்லிவிட்டார். தாழ்ப்பாளிலிருந்து தொடங்கி, குடை வந்தது, துண்டு வந்தது, இருமியது எல்லாவற்றையும் சொன்னார். "உங்க பேச்சு ஒரே அளவா இருக்கும் அத்தை. ஒரு சொட்டு சிந்தாது" என்று பாராட்டாகவே சொன்னார். கடைசியில் காலையில் கெட்டுப்போன தாளைக் காட்டினார். மாமியார் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கறுத்த தாளுக்குள் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கேயோ அடியாழத்தில்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் அதுவரை அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. மச்சான் கடைக்கு விடுமுறை என்பதையும் மறந்து கடைக்குக் கிளம்பினான். மனைவி, "நான் பரண்னு சொன்னது அவசரத்துல சொன்னது" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் வாக்கு வாக்குதான் என்கிற ஜாதி. ஏணியைக் கொண்டுவந்து நிறுத்தினார். முதலில் குடையை மேலே வைத்தார். பிறகு கேமராவைத் துணியில் சுற்றினார். மருந்துத் தட்டைக் கழுவலாம் என்று குளியலறைக்குப் போனபோது, அங்கே கதவருகே ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் மாமியார் உட்கார்ந்திருந்தார். முடியை வாரி முடிந்திருந்தார். பெரிய எண் போட்ட பழைய கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தார்.

"ஒன்பது நிமிஷம்," என்றார்.

"அத்தை?"

"மூணு, மூணு, மூணு. டிரங்க் கால் மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் புகுந்து சொல்லணும். வேலைல இருந்தவரைக்கும் அதேதானே பண்ணினேன். தூக்கத்துல பேசினாக்கூட மூணு நிமிஷத்துல நிறுத்திடுவேன்னு உங்க மாமா சொல்வாரு." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க இருமினா பன்னெண்டு."

"இன்னொரு தாள் இருக்கு அத்தை," என்றார் லிஃப்ட்காரர். "அதுல நீங்க பேசிட்டீங்க. ஆனா... அதையாவது... நீங்க எப்பவும் போல ஒரு தடவை..."

"கேட்டு வாங்கறதெல்லாம் ஒரு திட்டா மாப்பிள்ளை? எனக்கு வராது. நீங்க உள்ள போங்க. நான் வேற மாதிரி சொல்றேன்."

அட்டை, போர்வை, வாளி. மறுபடி இருட்டு. சட்டத்திலிருந்து தாளை எடுத்தார். இதற்குமேல் ஒரு தாள் கிடையாது. தாழ்ப்பாளைப் போட்டு, தாளை மருந்தில் அமிழ்த்தினார்.

"இணைப்பு கொடுத்தாச்சு," என்றது வெளியே ஒரு குரல். "பேசுங்க."

அது மாமியாரின் குரல் இல்லை. அல்லது அவர் கேட்டிராத மாமியார். தெளிவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், யாரையும் தெரியாத குரல். லிஃப்ட்காரர் தட்டை ஆட்டினார். மருந்து ஓரத்தில் மோதித் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. இருட்டில் நேரம் போவது தெரியாமல் போயிற்று.

"மூணு நிமிஷம் முடிஞ்சுது. தொடரணுமா?"

"தொடரணும், அத்தை."

"அத்தை இல்ல. ஆபரேட்டர்."

"தொடரணும், ஆபரேட்டர்."

ஆறாவது நிமிஷத்திலும் குரல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் வினிகர் நாற்றம் தொண்டையில் ஏறி, லிஃப்ட்காரருக்கு உண்மையாகவே இருமல் வந்துவிட்டது. அடக்கினார், முடியவில்லை. இருமினார்.

"அது கணக்குல வராது," என்றது குரல் உடனே. "பேச்சைத் தொடருங்க."

ஒன்பதாவது நிமிஷத்தில், "நேரம் முடிஞ்சுது. இணைப்பைத் துண்டிக்கிறேன்" என்று குரல் சொன்ன அதே நொடி, தாள் வினிகரில் விழுந்தது.

படத்தை மறுநாள் மேஜைமேல் வைத்தார்கள். வெள்ளை முடியில் இழை இழையாகக் கோடு தெரிந்தது. கறுப்பு ரவிக்கையில் தையல் தெரிந்தது. சாம்பல் சுவர் சாம்பலாகவே நின்றது. முகமும் முழுதாக இருந்தது, உதடு மட்டும் லேசாகக் கலைந்திருந்தது. ஏதோ ஒரு சொல் அப்போதுதான் வெளியே காலை வைத்திருந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தான். "அம்மா, இதுலயும் வாய் தொறந்திருக்கே."

மாமியார் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேல்மாடியில் கடைசித் தளத்தில் தம்ளரைக் குனிந்து பார்க்கிற அதே நிலை.

"ஆபரேட்டர் வாயை மூடிட்டு உக்காந்தா லைன்ல இருக்கிறவன் என்ன பண்ணுவான்," என்றார் மாமியார். "இதைக் குடுங்க. உறைல போடணும்."

ஒன்றுகூடல் முடிந்து மாமியார் திரும்பி வந்தபோது கையில் சான்றிதழ் இல்லை, பரிசு இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, தம்மோடு வேலை பார்த்த மற்றப் பெண்கள் எல்லாருக்கும் இதே மாதிரி படம் வேண்டுமாம், வாய் திறந்தே இருக்கவேண்டுமாம் என்று சொன்னார். "எல்லாருக்கும் சரின்னுட்டேன் மாப்பிள்ளை. வரிசையா வரச் சொல்லியிருக்கேன்."

மச்சான் எங்கேயோ தேடிப் புதிய ஃபிலிம் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தான். வேறு கம்பெனி, வேறு ரகம். பழைய கணக்கு எதுவும் இதற்குச் செல்லாது. லிஃப்ட்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு ஒளி படர்ந்தது. ஏணியில் ஏறிப் பரணிலிருந்து குடையை இறக்கினார்.

அடுத்த ஞாயிறு தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதும் வெளியே நாற்காலி நகர்ந்தது. "இணைப்பு கொடுத்தாச்சு" என்றது குரல். சற்று நேரத்தில் மனைவியின் காலடி வந்தது.

"அம்மா, நான் குளிக்கணும். வெளிய போக வேண்டியிருக்கு."

"லைன் பிஸியா இருக்கு. காத்திருங்க."

"அம்மா."

"குறுக்க பேசாதீங்க. கால் நடந்துட்டு இருக்கு."

வெளியே மனைவி பேச ஆரம்பித்தாள். அவள் அம்மாவைப்போல் கதவைத் திட்டவில்லை, உள்ளே இருப்பவரையே நேராகத் திட்டினாள். ஒரே பாத்ரூம் என்று தொடங்கி, குடையில் போய், மழை பெய்த அன்று குடை கொடியில் தொங்கியதில் தான் நனைந்து வந்த கதைக்குப் போய், திரும்பப் பாத்ரூமுக்கு வந்து, நடுவில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். இருட்டில் தட்டை ஆட்டிக்கொண்டே லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். பேச்சில் சூடு இருந்தது, நியாயமும் இருந்தது. ஆனால் அளவு ஒரே சீராக இல்லை. இதை நம்பி மருந்தில் தாளைப் போடமுடியாது.